பதிவேட்டில் இல்லாத வீடு

என் கணவருக்கு இனிமேல் பிள்ளை பிறக்காது என்பதை எனக்குச் சொன்னவர் ஒரு நர்சம்மா. அப்படி ஒரு செய்தியைச் சொல்லிவிட்டோம் என்பது அந்த அம்மாவுக்கே தெரியாது. 1983-இல், சங்கரன்கோவிலில், தறிச்சத்தம் ஓயாத ஒரு தெருவில், வெயிலுக்கு ஒதுங்கி நின்ற இடத்தில் அது நடந்தது. எனக்குக் கல்யாணம் முடிந்து அப்போது நான்கு வருஷம் ஆகியிருந்தது. அந்த நான்கு வருஷமும் ஊர் என்னை மலடி என்றே நினைத்திருந்தது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் சொந்த ஊர் வாசுதேவநல்லூர். டீச்சர் டிரெயினிங் முடித்து வேலைக்கு வந்து, அப்பா இல்லாத வீட்டில் இரண்டு தம்பிகளையும் படிக்கவைத்து நிமிர்ந்து பார்த்தபோது எனக்கு இருபத்தொன்பது வயது. அதற்கு மேல் வந்த வரன்கள் எல்லாம் இரண்டாம் தாரம்தான். இவரும் அப்படி வந்தவர். ஓர் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. சங்கரன்கோவிலில் சொந்த வீடு. மனைவி மஞ்சள்காமாலையில் இறந்து இரண்டு வருஷம். பதினொரு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பெண்பிள்ளைகள். அதிர்ந்து பேசமாட்டார், கோவிலில், அதாவது சர்ச்சில், பாடகர் குழுவில் பாடுகிறார் என்றார்கள்.

பெண் பார்க்க முதலில் வந்தது அவருடைய அக்கா. கணவரின் அக்காவை எங்கள் பக்கம் மைனி என்போம். மைனி விதவை. தம்பி மனைவி இறந்ததிலிருந்து அந்த வீட்டை அவள்தான் நடத்திக்கொண்டிருந்தாள். வந்தவள் என்னிடம் நான்கு வார்த்தை பேசிவிட்டு, நேரே அடுப்படிக்குப் போய் என் அம்மாவிடம் உட்கார்ந்தாள்.

"டீச்சருக்கு மாசாமாசம் சரியா வருதா?"

அம்மா தலையசைத்திருக்கிறாள்.

"வயித்துல ஆபரேஷன் அது இதுன்னு என்னமும் பண்ணிருக்கா? தப்பா நெனக்காதீங்க. பின்னால ஒரு பேச்சு வந்திரக் கூடாதுல்லா."

அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று அம்மா வேதத்தின்மேல் கை வைக்காத குறையாகச் சொல்லியிருக்கிறாள். எங்கள் பக்கத்திலிருந்து திருப்பி ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றே அம்மாவுக்குத் தோன்றவில்லை. மாப்பிள்ளைக்குத்தான் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருக்கிறதே, அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும் என்று பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை. அந்த இரண்டு பிள்ளைகளைக் காட்டித்தான் என்னை ஏமாற்றினார்கள்.

நிச்சயத்துக்கு முன்னால் அவரிடம் நானே பேசினேன். முன்னறையில் எல்லாரும் இருக்க, வாசல் ஓரம் நின்று இரண்டு நிமிஷம். "நமக்குன்னு ஒண்ணு ரெண்டு பிறந்தாலும் உங்க பிள்ளைகள வேத்துமையா நடத்தமாட்டேன். அத மட்டும் சொல்லணும்னு நெனச்சேன்" என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "கர்த்தர் விட்ட வழி" என்றார். பணிவான மனுஷன் என்று நினைத்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் எங்கள் பெயர்களை வாசித்தார்கள். இவர்கள் விவாகம் செய்யத் தடை ஏதும் தெரிந்தவர்கள் இருந்தால் தெரிவிக்கலாம் என்று குருவானவர் சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்துவார். அந்த ஒரு நொடியில் ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களில் குறைந்தது மூன்று பேருக்கு விஷயம் தெரியும். மூவரும் அவருடைய ஆபீஸ்காரர்கள். ஒருவர் கல்யாணத்துக்குச் சுவர்க் கடிகாரம் வாங்கிக்கொடுத்தார்.

கல்யாணமாகி ஆறு மாதம் கழிந்ததும் தெருவில் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு வருஷம் கழிந்ததும் கேட்பதை நிறுத்திவிட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால், குழந்தையை என் கையில் தருவதற்கு முன்னால் ஒரு தயக்கம் இருக்கும். ரெண்டு பிள்ளை பெத்த ஆம்பளைக்கு என்ன குறை இருக்கப்போகுது என்று எனக்குக் கேட்கும்படியாகவே பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியை, நாள்பட்ட கன்னிக்கு வயிறு காய்ந்துவிடும் என்று யாரோ சொன்னதாக என்னிடமே வந்து சொன்னாள், எனக்கு உபகாரம் செய்வதுபோல.

பாளையங்கோட்டையில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். நான்கு தடவை. நான்கு தடவையும் என் கணவர்தான் கூட்டிக்கொண்டு போனார். முதல் தடவை பரிசோதனை. இரண்டாவது தடவை கர்ப்பப்பையைச் சுரண்டிப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். வலி தாங்காமல் நான் மேசையின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். வெளியே வந்தபோது அவர் பெஞ்சில் எனக்காக உரித்த ஆரஞ்சுப் பழத்தோடு உட்கார்ந்திருந்தார். ஒரு நார்கூட இல்லாமல் சுத்தமாக உரித்திருந்தார். "சாப்பிடு, வலி தெரியாது" என்றார்.

நான்காவது தடவை டாக்டர், "உங்களிடம் குறை ஒன்றும் தெரியவில்லை, அவரையும் ஒரு பரிசோதனை செய்துபார்க்கலாம்" என்றார். என் கணவர் சிரித்துக்கொண்டே, "எனக்கு ரெண்டு பிள்ளை இருக்கே டாக்டர்" என்றார். அதற்குமேல் டாக்டரும் வற்புறுத்தவில்லை.

மைனி வேறு ஒரு காரியம் செய்துகொண்டிருந்தாள். வாராவாரம் நடக்கும் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் எனக்காக விண்ணப்பம் கொடுத்தாள். "எங்க தம்பி வீட்டுக்காரி கர்ப்பம் அடைக்கப்பட்டு இருக்கா. எல்லாரும் பாரத்தோட ஜெபிச்சுக்கிடுங்க." இருபது பெண்கள் என் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். நான் முழங்காலில் நின்று அழுதேன். மைனியும் அழுதாள்.

அந்த 1983-இல் பள்ளிக்கூடத்துக்கு ஒரு உத்தரவு வந்தது. ஆசிரியர்கள் குடும்பக் கட்டுப்பாட்டுக்குக் 'கேஸ்' பிடித்துக் கொடுக்கவேண்டும், வீடுவீடாகக் கணக்கெடுக்கும் நர்சுகளுக்குத் துணையாகவும் போகவேண்டும். அவசர நிலைக் காலத்தைப்போல மிரட்டல் கிடையாது. ஆனாலும் போயாகவேண்டும். பிள்ளையில்லாத என்னை இதற்கு அனுப்புகிறார்களே என்று தலைமை ஆசிரியைக்கே கொஞ்சம் கூச்சம். நான் போனேன்.

நர்சம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலை, நெஞ்சோடு அணைத்த நீளமான பதிவேடு. நாற்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட மனைவி உள்ள ஒவ்வொரு வீடும் அதில் இருந்தது. கணவன் பெயர், மனைவி பெயர், எத்தனை பிள்ளைகள், கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது. ஒரு தறி வீட்டு வாசலில் நிழலுக்கு நின்று அந்த அம்மா தண்ணீர் குடித்தபோது, பதிவேட்டை நான் வாங்கிப் பக்கம் புரட்டினேன். எங்கள் தெரு வந்தது. இடது பக்கத்து வீடு இருந்தது. வலது பக்கத்து வீடும் இருந்தது. எங்கள் கதவெண் இல்லை.

"எங்க வீட்ட விட்டுட்டீங்களே நர்சம்மா" என்றேன்.

"உங்க வீடு எதுக்கு டீச்சர் இதுல? கு.க. பண்ணின வீட்ட எடுத்திருவோம்லா."

"யாரு பண்ணினா?"

"சாருதான். எழுபத்தாறு கேம்ப்ல. நான் அப்பம் அங்கனதான் டியூட்டி. கட்டு மாத்தினதே நான்தான். பாவம், சாரு ரொம்பப் பயந்தாவ." சொம்பை வீட்டுக்காரியிடம் நீட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "என்ன டீச்சர், கண்ண இருட்டுதா? வெயில் கடுசா இருக்கு, கொஞ்சம் உக்காருங்க."

"ஆமா. அதான், மறந்துட்டேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். புருஷன் உடம்பில் நடந்தது பெண்டாட்டிக்குத் தெரியாது என்று இன்னொரு பெண் கண்டுபிடித்துவிடக் கூடாது என்ற மானம்தான் முதலில் வந்தது. அதற்குப் பிறகு இன்னும் பதினொரு வீடு இருந்தது. பதினொரு வீட்டிலும் நான்தான் கேள்வி கேட்டேன். எத்தனை பிள்ளைகள், இன்னும் வேணுமா, போதுமா. அவர்கள் சொன்னதை என் கையெழுத்தில் எழுதினேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் டியூஷனுக்குப் போயிருந்தார்கள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். "எழுபத்தாறுல ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்களா?"

அவர் சட்டையை மடித்தார். காலரை நேராக்கினார். "யாரு சொன்னா?" என்றார்.

பண்ணவில்லை என்று அவர் சொல்லியிருந்தால் நம்பத் தயாராக இருந்தேன். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே."

"பாளையங்கோட்டைக்கு நாலு தடவ வந்தீங்களே. உள்ள நான் கத்தினது உங்களுக்குக் கேட்டிருக்கும்லா."

"நீ போணும்னு சொன்ன. கூட்டிட்டுப் போனேன்." மடித்த சட்டையைக் கட்டிலில் வைத்துவிட்டு, "போவேண்டாம்னு எப்படிச் சொல்ல?" என்றார்.

அடுப்படியிலிருந்து மைனி வந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது. அவள் தடுமாறவில்லை. இப்படி ஒருநாள் வரும் என்று பதிலை முன்னாலேயே தயார் செய்து வைத்திருந்தவள் மாதிரி இருந்தாள்.

"இங்க பாரு ஏட்டி. சொன்னா எவ வருவா? இந்த ரெண்டு பொட்டப்பிள்ளைகளுக்கும் ஒரு தாய் வேணும். வாறவளுக்குன்னு ஒண்ணு பிறந்துட்டா இதுக ரெண்டும் நடுத்தெருதான். எத்தன வீட்டுல பாத்திருக்கோம். யோசிச்சுத்தான் செஞ்சோம். உன்னயப் பட்டினி போட்டோமா, அடிச்சோமா?"

"பின்ன ஏன் மைனி எனக்காக ஜெபம் பண்ணச் சொன்னீங்க?"

முந்தானையால் கையைத் துடைத்தாள். "அவளுக கேட்டாளுக. என்னத்தையாவது சொல்லணும்லா."

அடுத்த சனிக்கிழமை திருநெல்வேலிக்குத் தனியாகப் போய் ஒரு வக்கீலைப் பார்த்தேன். எங்கள் சபைக்காரர் இல்லை. வேண்டுமென்றே வேறு ஆளாகத் தேடினேன். வயதானவர். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஆண்மை இல்லன்னா வழி உண்டும்மா. அது அவருக்கு இருக்கு. பிள்ளை இல்லங்கிறதுக்கு உங்க கிறிஸ்தவக் கல்யாணச் சட்டத்துல வழி இல்ல. அவரு வேற பொம்பளகிட்டப் போறாரா? அடிக்காரா?" என்றார்.

இல்லை என்றேன்.

"அப்பம் கஷ்டம். ஏமாத்திக் கட்டினாருன்னு மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போலாம். ஆனா, சொல்லாம விட்டது ஏமாத்தினது ஆவும்னு அங்க நிக்குமான்னு எனக்கு உறுதியில்ல. வருஷக்கணக்கா இழுக்கும். உங்களயே கூண்டுல ஏத்தி என்னென்னமோ கேப்பாங்க."

"கல்யாணத்துக்கு முன்னால இதச் சொல்லியாகணும்னு சட்டம் இல்லையா சார்?"

"இல்லையேம்மா." அவருக்கே அது சங்கடமாக இருந்தது. "ரெண்டு சென்ட் நிலம் வாங்கினா வில்லங்கம் போட்டுப் பாத்துட்டுத்தான் வாங்குதோம். இதுக்கு அப்படி ஒண்ணும் கிடையாது."

பள்ளிக்கூடத்தில் எனக்கு நெருக்கமாக இருந்த ஒரே ஒரு டீச்சரிடம் இதைச் சொன்னேன். கடையநல்லூரிலிருந்து தினமும் வந்துபோகிறவர். கணவர் துபாயில் இருந்தார். முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. "அப்படி ஒரு சட்டம் போட்டா மொதல்ல யாரப் பிடிப்பாங்கன்னு நெனைக்கிய? நம்மளத்தான். பொண்ணு பாக்க வாறவன் எல்லாம் டாக்டர் கடுதாசி கொண்டான்னு நிப்பான். என் தங்கச்சிக்குக் கர்ப்பப்பையில கட்டி இருந்து ஆபரேஷன் பண்ணிருக்கு. சட்டம் வந்தா அவள எவன் கட்டுவான்?"

இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் எனக்குப் பதில் தோன்றியது. பெண்ணிடம் கேட்க யாருக்கும் சட்டம் தேவைப்படவில்லை. மைனி என் அம்மாவை அடுப்படியில் வைத்துக் கேட்டுவிட்டாள், அம்மாவும் சொல்லிவிட்டாள். நாங்கள் காலங்காலமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆணின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவேண்டுமென்றால்தான் சட்டம் வேண்டியிருக்கிறது. இதை அந்த டீச்சரிடம் சொன்னேன். "நீங்க சொல்லுறது சரிதான், ஆனா என் தங்கச்சி?" என்றார். அவர் தங்கையைப் பற்றி இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் எனக்கு அந்தச் சட்டம் வேண்டியிருந்தது.

வெட்டிய குழாயைத் திரும்ப இணைக்கிற ஆபரேஷன் மதுரையில் செய்கிறார்கள் என்று லேடி டாக்டர் சொன்னார். பலன் நிச்சயமில்லை, முயன்று பார்க்கலாம் என்றார். நான் என் கணவரிடம் பேசுவதை நிறுத்தியிருந்தேன். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவராகவே, "சரி, மதுரைக்குப் போவோம்" என்றார். எனக்கு முப்பத்துநான்கு நடந்துகொண்டிருந்தது. முழுப்பரீட்சை லீவில் ஒரு திங்கட்கிழமை காலையில் கிளம்பினோம். ஒரு வாரத்துக்கான துணியும், அவருக்குக் கஞ்சி வைக்க ஒரு சின்ன அடுப்பும் எடுத்திருந்தேன்.

ராஜபாளையத்தில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினார். கண்டக்டர் விசில் கொடுத்தபோதும் வரவில்லை. நான் பையையும் அடுப்பையும் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பஸ் போய்விட்டது. டீக்கடையில் அவர் இல்லை. சங்கரன்கோவில் பஸ் நிற்கிற பக்கம், சிமெண்ட் பெஞ்சில், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டத்தான் போனேன். அதற்குள் அவர் பேச ஆரம்பித்தார்.

"ஒரு பள்ளிக்கூடத்துலதான் வச்சுப் பண்ணினாங்க" என்றார் அவராகவே. "கையெழுத்துப் போடுறவரைக்கும் மெமோ மேல மெமோ. எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளதான், இன்னொண்ணு பாக்கணும்னு இருக்கோம்னு சொன்னேன். கேக்கல. பெஞ்சுல வரிசையா உக்காத்தி வச்சாங்க. எனக்கு முன்னால பதினாலு பேரு. ஒவ்வொருத்தனா உள்ள போயிட்டுக் கால அகட்டிக்கிட்டு வெளிய வாறான். வந்தவன் ஒருத்தனும் எங்க மூஞ்சியப் பாக்கல. அவளுக்கே நான் ரெண்டு நாள் கழிச்சுத்தான் சொன்னேன். அவ செத்தப்புறம் யார்கிட்டயும் அந்த நாளப் பத்திப் பேசினதில்ல. என்னால திரும்பக் கத்தியில படுக்க முடியாது."

ஏழெட்டு வருஷமாக அவர் அதைத் தனியாகச் சுமந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததற்காக என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

"அந்த வரிசையில உக்காத்தி வச்சவங்க உங்க சம்மதத்தக் கேக்கல" என்றேன். "நீங்க என் சம்மதத்தக் கேக்கல."

சங்கரன்கோவில் பஸ் வந்ததும் அடுப்பை அவர் வாங்கிக்கொண்டார். ஏறினோம்.

அதன் பிறகு நான் ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். எங்கே போவது? தம்பிகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அம்மா, "ரெண்டு பிள்ளைகதான் இருக்குல்லா, பெத்தாத்தான் பிள்ளையா" என்றாள். குருவானவர் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். சின்னவள் நான் வந்த முதல் வருஷமே என்னை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். பெரியவளுக்கு நான் சித்திதான். ஆனால் பரீட்சைக்கு முந்தின நாள் என் பக்கத்தில்தான் வந்து படுப்பாள். இருந்தேன். மைனியோடு மட்டும் தேவைக்கு மேல் பேசுவதில்லை.

1988-இல் பெரியவளுக்கு இருபது வயது. தென்காசிப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம், மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலை. பத்துப் பேர் வந்தார்கள். எல்லாம் பேசி முடிந்து மைனி காப்பி கொண்டுவந்தபோது, நான் மாப்பிள்ளையின் தாயிடம் கேட்டேன். "உங்க மகனுக்கு உடம்புல குறை, ஆபரேஷன் அப்படி ஏதும் உண்டா? முன்னாலேயே தெரிஞ்சா நல்லது."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன கேள்வி இது? என் மகன மாட்டுச்சந்தையிலயா நிறுத்திருக்கோம்?" என்றாள். காப்பி குடிக்காமலே எழுந்து போனார்கள். வாசலில் வைத்து மைனியிடம், "பெறாதவளுக்குப் புத்தி இப்படித்தான் போவும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"பழி வாங்கிட்டா. நெனச்சு நெனச்சு இருந்து பழி வாங்கிட்டா" என்று மைனி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அவர் வேட்டியை மாற்றிக் கைலி கட்டிக்கொண்டு கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

பெரியவள் அடுப்படிக்கு வந்தாள். பட்டுச்சேலையை இன்னும் மாற்றவில்லை. "உங்க கோவத்த என் கல்யாணத்துலயா சித்தி காட்டணும்?" என்றாள்.

"கோவம் இல்ல மக்கா. உனக்கு என்ன நடந்துரக் கூடாதுன்னு நெனச்சேன்னு உனக்குத் தெரியாது."

"தெரியும். எனக்கு அப்பமே தெரியும்."

"எப்பமே?"

"நீங்க வாறதுக்கு முன்னாலேயே. அப்பா ஒரு வாரம் எந்திரிக்காமப் படுத்திருந்தாவ. எனக்கு எட்டு வயசு. இனி தம்பி பிறக்கமாட்டான்னு அம்மா அழுதா." அவள் தரையைப் பார்த்தாள், அவள் அப்பா பார்ப்பதுபோலவே. "நீங்க வந்தப்பம், சொன்னா சித்தி பெட்டியத் தூக்கிட்டுப் போயிரும்னு அத்தை சொன்னா. அதான் சொல்லல. ஜெபத்துல தங்கச்சி உங்களுக்குப் பாப்பா வேணும்னு கேப்பால்லா. நான் வாய மட்டும் அசைப்பேன்."

பதினொரு வயதுப் பிள்ளை. நான் எண்ணெய் தேய்த்துத் தலை பின்னிவிட்ட நான்கு வருஷமும் அவள் வாயை மூடிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஆபீசுக்குத் தெரியும், நர்சுக்குத் தெரியும், கோவிலில் சில பேருக்குத் தெரியும், என் மடியில் படுத்த பிள்ளைக்கும் தெரியும். எல்லாரிடமும் வந்த கோபம் அவளிடம் வரவில்லை. அவளுக்குத் தாய் வேண்டியிருந்தது. அதற்காக ஒரு குழந்தையை இப்படி வளர்த்தார்களே என்று மைனியின்மேல்தான் திரும்பவும் ஆத்திரம் வந்தது. "சேலைய மாத்திட்டு வா, சாப்பிடு" என்றேன். அவள் மாற்றிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அடுத்த வருஷம் இன்னொரு வரன் வந்தது. இந்தத் தடவை எல்லார் முன்னாலும் வைத்துக் கேட்கவில்லை. மாப்பிள்ளைப் பையனுக்கு நானே ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதினேன். கேட்டதற்குக் காரணம் சொல்லவில்லை, கேள்வியை மட்டும் எழுதினேன். பெரியவளுக்குப் பன்னிரண்டு வயதில் டைபாய்டு வந்ததைத் தவிர வேறு ஒன்றும் இல்லை என்பதையும், அவன் கேட்காமலே எழுதினேன். பத்து நாளில் பதில் வந்தது. தனக்கு அப்படி எதுவும் இல்லை, கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தான். கடிதத்தைப் பெரியவளிடம் காட்டினேன். படித்துவிட்டு அவளே வைத்துக்கொண்டாள்.

நிச்சயதார்த்தத்தன்று குருவானவர் ஜெபம் முடித்ததும் சம்பந்திகள் பேச உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, எங்களுக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறது, எதையும் மறைக்காமல் பேசிக்கொள்வோம் என்றார். என் கணவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆபீஸில் இருந்து வந்திருந்த நண்பர்கள் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க குடும்பத்துல மறைக்கிற பழக்கமே கிடையாது" என்றார்.

மைனி, ஆமாம் என்று தலையாட்டினாள். சம்பந்தியும் சந்தோஷமாகத் தலையாட்டினார். என் கணவர் பொய் சொல்வதாக நினைத்துச் சொல்லவில்லை என்பது எனக்கு அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அவரைப் பொறுத்தவரை அது முடிந்துபோன விஷயம். கதவோரம் நின்ற பெரியவள் மட்டும் என்னைப் பார்த்தாள். நான் காலி டம்ளர்களை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.